ஊமைக் கல்

"சார், துப்பறியும் வேலைன்னா கையில பூதக்கண்ணாடி இருக்கும், காலில பூட்ஸ் இருக்கும்னு நம்பி வந்தேன். இப்போ பாருங்க. கையில சேறு, காலில அட்டை. அதுவும் ரெண்டு."

ஓடைச் சரிவில் இடுப்பளவு புல்லுக்குள்ளிருந்து முதலில் சின்னுசாமியின் குரல் வந்தது. அப்புறம் தொப்பை வந்தது. கடைசியாக ஒரு கை மேலே வந்து, ஈரம் சொட்டும் கல் துண்டு ஒன்றை நீட்டியது.

"உன் ரத்தத்தைக் குடிச்சா அட்டைக்குத்தான் ஆபத்து. துண்டைக் கொடு" என்றார் அர்த்தனாரி.

அவர் பாலத்துக் கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். சேலத்தில் பத்து வருஷமாகத் துப்பறியும் தொழில் செய்கிறவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உடைந்த தோசைக்கல்லை ஒட்ட வைப்பவர் மாதிரி துண்டு துண்டாகப் பொருத்திக்கொண்டிருந்தார். ஒன்பதாவது துண்டும் இடத்தில் உட்கார்ந்ததும் சாக்கின் மேல் ஒரு வட்டம் தெரிந்தது. சாணைக்கல். ஓர் ஆளைக் கொன்ற கல்.

மலைமேல் வாழவந்தி நாட்டில் இந்த ஓடைக்குக் குறுக்கே இரும்புப் பாலம் எழும்பிக்கொண்டிருந்தது. மலைக்கு ரோடு இன்னும் முழுசாக வந்து சேராத அறுபத்து மூன்றாம் வருஷம். சிமெண்ட், இரும்பு, ஆணி, எண்ணெய் எல்லாம் பாதி வழிக்கு லாரியில் வந்து, மீதி வழியைப் பெண்களின் தலைமேல் கடந்தது. டீசல் ஜெனரேட்டரும், கையில் பிடித்து இயக்கும் எலெக்ட்ரிக் சாணை மிஷினும்கூட அப்படித்தான் வந்து சேர்ந்தன. மலைக்காரர்கள் அந்த மிஷினுக்குக் 'கைச்சாணை' என்று பெயர் வைத்தார்கள். முனையில் தட்டு மாதிரி ஒரு கல். சுவிட்சைப் போட்டால் கண்ணுக்கே தெரியாத வேகத்தில் சுற்றும். வெல்டிங் வைத்த இடத்தில் முண்டு முடிச்சை எல்லாம் பொறி பறக்கத் தேய்த்து மட்டமாக்கும்.

அதை இயக்கத் தெரிந்த ஒரே ஆள் செங்கோடன். இந்த ஊர்க்காரன்தான். மேட்டூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் ஆறு வருஷம் வேலை பழகி வந்தவன். பதினோரு நாட்களுக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், ஓடிக்கொண்டிருந்த கல் வெடித்தது. ஒரு துண்டு அவன் கழுத்தில் பாய்ந்தது. தண்ணீர் கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முப்பத்து நாலு வயது.

அவன் மச்சான், பொண்டாட்டியின் தம்பி பொன்னன், அதே வேலையிடத்தில் ஜெனரேட்டர் ஓட்டுகிறவன். அவன்தான் வேண்டுமென்று கெட்ட கல்லை மாட்டிக் கொன்றுவிட்டான் என்று போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. பொன்னனுக்காக வாதாடும் சேலத்து வக்கீல், அர்த்தனாரியின் நண்பர். அவர் அனுப்பித்தான் இருவரும் மலை ஏறியிருந்தார்கள். லாக்கப்பில் போய்ப் பார்த்தபோது பொன்னன் முகம் கொடுத்துப் பேசவில்லை. "நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லீங்க" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"குத்தம் பண்ணாதவன் கத்துவான் சார். இவன் கதவைச் சாத்திக்கறான்" என்றான் சின்னுசாமி, சுவரின் மேல் ஏறி உட்கார்ந்து காலைத் தேய்த்தபடி.

"கதவைச் சாத்தறது உள்ளே இருக்கிற எதையாவது காப்பாத்தறதுக்கு."

கொட்டகைப் பக்கமிருந்து சூப்பர்வைசர் அருணாசலம் வந்தார். கீழ்நாட்டுக்காரர், சமவெளியிலிருந்து வந்தவர். காக்கி அரை டிராயர், தலையில் கார்க் தொப்பி.

"இன்னும் என்ன சார் தேடறீங்க? நான்தான் போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்கேனே. முந்தின நாள் மாமனும் மச்சானும் அடிச்சுக்காத குறை. மறுநாள் காலையில கல்லை மாட்டினது பொன்னன். கல்லுக்கு மேல இருக்க வேண்டிய தகட்டு மூடியைக் கழட்டினதும் அவன்தான். மூடி இருந்திருந்தா ஆள் பொழைச்சிருப்பான்."

"நீங்க பார்த்தீங்களா?"

"நான் கொட்டகையில இருந்தேன். மூடி இப்பவும் அங்கே ஆணியில தொங்குது. வந்து பாருங்க."

அவர் போனதும் அர்த்தனாரி ஒரு துண்டை எடுத்துச் சின்னுசாமியிடம் நீட்டினார். "உடைஞ்ச ஓரத்தைப் பாரு. இந்தப் பக்கம் எப்படி இருக்கு?"

"சாம்பல் நிறம். புதுசா உடைஞ்ச மாதிரி சுத்தமா இருக்கு."

"இந்தப் பக்கம்?"

சின்னுசாமி கண்ணைச் சுருக்கினான். அந்த ஒரு ஓரம் மட்டும் பழுப்பாக இருந்தது. நகத்தால் சுரண்டினால் நகக்கண்ணில் செம்மண் ஒட்டியது. பக்கத்துத் துண்டிலும் அதே ஓரம் பழுப்பு. இரண்டையும் சேர்த்து வைத்தால், கல்லின் விளிம்பிலிருந்து நடுத்துளை வரை ஒரே கோடு.

"புல்லுல கிடந்ததால சேறு ஒட்டியிருக்கும் சார்."

"அப்படின்னா எல்லா ஓரத்திலும் ஒட்டியிருக்கணும். மத்ததெல்லாம் தண்ணியில அலசினதும் சுத்தமாயிடுச்சு. இது போகலை. உள்ளே ஊறியிருக்கு. இந்தக் கல் சுத்தும்போது கீறல் விடலை. அதுக்கு முன்னாடியே, பெட்டிக்குள்ள இருக்கும்போதே கீறல் விட்டிருக்கு. செம்மண் தண்ணி உள்ளே இறங்கியிருக்கு. அப்புறம்தான் யாரோ மிஷின்ல மாட்டியிருக்காங்க."

"அதாவது பெட்டியை எங்கேயோ கீழே போட்டுட்டாங்க."

"ஆமா. பெட்டியைத் தலையில தூக்கி வந்தது யாரு?"

துண்டுகளை வெயிலில் காயவிட்டு இருவரும் எழுந்தார்கள்.

*

பாலத்துக்கு மேற்கே ஒரு பலா மரத்தடியில் சுமைக்காரப் பெண்கள் மூட்டைகளை இறக்கி வைத்து இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் தலைவி மாதம்மாள். நாற்பதைத் தாண்டிய வயது. சும்மாட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சாணைக்கல் வந்த பெட்டி எப்போம்மா வந்தது?" என்று கேட்டார் அர்த்தனாரி.

"மூணு வாரம் இருக்குமுங்க. ஒரு செவ்வாக்கிழமை. மழை பேஞ்சுட்டு இருந்துச்சு."

"வழியில அது கீழே விழுந்ததா?"

அவள் முகம் மாறவில்லை. ஆனால் துணியால் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "விழுந்துச்சுங்க. நான்தான் போட்டேன்."

இவ்வளவு சுலபமாக ஒரு விடை கிடைத்ததில் சின்னுசாமிக்கே ஏமாற்றம். "அட, இதுக்கா ரெண்டு அட்டைக்கு விருந்து வெச்சேன்" என்று முணுமுணுத்தான்.

பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது. ஒல்லியான ஆயம்மாள் எழுந்து நின்றாள். "அந்தக்கா இல்லீங்க. பெட்டிய நான் தூக்கியாந்தேன். நான்தான் வழுக்கிட்டேன்."

"ஏனுங்க, அவங்க ரெண்டு பேரு பேச்சையும் கேக்காதீங்க" என்றாள் மூன்றாவதாக ராசம்மாள். எல்லோருக்கும் இளையவள். "அது எங்கிட்ட இருந்துதானுங்க விழுந்துச்சு."

சின்னுசாமி மூவரையும் மாறி மாறிப் பார்த்தான். "சார், பத்து வருஷமா 'நான் இல்லை, நான் இல்லை'ன்னுதானே கேட்டிருக்கோம்? ஒரு பெட்டியை மூணு பேர் போட்டி போட்டுக்கிட்டுப் போட்டிருக்காங்களே!"

அர்த்தனாரி சிரிக்கவில்லை. ராசம்மாள் பக்கம் திரும்பி, ஏதோ பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்டார். "அன்னிக்கு மழையில எத்தனை பேர் சுமை தூக்கினீங்க?"

"நாலு பேருங்க" என்றவள் சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இங்கே மூன்று பேர் நின்றார்கள். மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். அர்த்தனாரி சத்தமில்லாமல் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"பொன்னன் வாய் திறக்காமக் காப்பாத்தற அந்த நாலாவது ஆள் அவன் அக்கா, செங்கோடன் பொண்டாட்டி" என்றார்.

மாதம்மாள் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "சாமி, உங்களைக் கும்புட்டுக் கேக்கறேன். இருசாயிக்கு இது தெரியக் கூடாதுங்க. ஓடைக்கல்லுல கால் வழுக்கி விழுந்தா. முட்டி பேந்து ரத்தமா ஓடுச்சு. பெட்டி பாறையில மோதித் தண்ணிக்குள்ள போச்சு. நாங்கதான் எடுத்து மறுபடியும் அவ தலையில வெச்சோம். வெளிய சொன்னா வேலைய விட்டு நிறுத்திருவாங்கன்னு நாலு பேரும் வாயைப் பொத்திக்கிட்டோம். அதுல என்ன இருந்துச்சுன்னு அவளுக்குத் தெரியாது. ஆணியடிச்ச பெட்டி. எங்களுக்கே தெரியாது. பொன்னனைப் புடிச்சிட்டுப் போன அன்னிக்கு அவன்தான் சொன்னான், அந்தப் பெட்டிக் கல்லுதான் வெடிச்சுதுன்னு. 'நான் ஜெயிலுக்குப் போனாலும் பரவால்ல, அக்காளுக்கு மட்டும் சொல்லிராதீங்க'ன்னு எங்க மூணு பேருகிட்டயும் சத்தியம் வாங்கிட்டுப் போனான்."

சின்னுசாமி வாயைத் திறந்தான். வழக்கமாக அந்த இடத்தில் ஒரு வேடிக்கைப் பேச்சு வரும். இப்போது சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

"முந்தின நாள் சண்டை எதுக்கு?" என்று கேட்டார் அர்த்தனாரி.

ஆயம்மாள் அழுதாள். "நான்தானுங்க வாய் தவறிப் பொன்னன்கிட்ட சொல்லிட்டேன், அவன் அக்கா விழுந்து அடிபட்டான்னு. 'எங்கக்காளைச் சுமைக்கு அனுப்பாதே'ன்னு அவன் மச்சானைப் புடிச்சுச் சத்தம் போட்டான். அவ்வளவுதானுங்க சண்டை."

*

பாலத்துக்குத் திரும்பும் வழியில் சின்னுசாமி சொன்னான்: "இதோட நிறுத்திக்கலாம் சார். யாரோ போட்டாங்க, பேர் தெரியலைன்னு எழுதிடலாம்."

"பேரில்லாம எழுதினா பொன்னன் வெளியே வர மாட்டான். 'கீறல் விட்ட கல்லுன்னு தெரிஞ்சே மாட்டினான்'னு சொல்லுவாங்க."

பேசிக்கொண்டே சாக்கின் அருகில் வந்தவர் அப்படியே நின்றார். துண்டுகள் வெயிலில் காய்ந்திருந்தன. ஈரமாக இருந்தபோது வெறும் சாம்பல் நிறத்தில் இருந்த கல்லின் முகத்தில், இப்போது ஐந்து துண்டுகளைத் தொட்டுக்கொண்டு வெள்ளையாக ஒரு பெருக்கல் குறி. விரல் தடிமனில், யாரோ விரலாலேயே இழுத்த மாதிரி. மேலாகத் துடைத்திருக்கிறார்கள். ஆனால் கல்லின் சொரசொரப்புக்குள் இறங்கியது போகவில்லை.

"மந்திரமா சார்?"

"இல்லை. ஈரத்தில தெரியாது, காய்ஞ்சா தெரியும். யாரோ இது ஆகாத கல்லுன்னு குறி போட்டிருக்காங்க. இன்னொருத்தர் ஈரத்துணியால துடைச்சு, குறி போயிடுச்சுன்னு நம்பியிருக்காங்க." அவர் ஒரு துளி சுரண்டி விரலில் தேய்த்து, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். "சாக்பீஸ் இல்லை. வெத்தலைக்குப் போடற சுண்ணாம்பு. செங்கோடன் வெத்தலை போடுவானா?"

ஒரு மண்வெட்டியோடு போய்க்கொண்டிருந்த ஆளைக் கூப்பிட்டுக் கேட்டான் சின்னுசாமி. ஒரே நிமிஷத்தில் திரும்பி வந்தான். முகம் தொங்கியிருந்தது.

"செங்கோடன் தொடவே மாட்டானாம். அவன் பொண்டாட்டிதான் போடுவாளாம்."

யாரிடம் போகக் கூடாது என்று மாதம்மாள் காலடியில் உட்கார்ந்து கெஞ்சினாளோ அவளிடம்தான் போக வேண்டியிருந்தது. அர்த்தனாரி, குறி உள்ள துண்டுகளை மட்டும் தோள் துண்டில் முடிந்துகொண்டார். "குறியைப் பத்தி மட்டும் கேட்கிறோம். பெட்டியைப் பத்தி ஒரு வார்த்தை வரக் கூடாது. புரியுதா?"

"எனக்கு வாயே இல்லை சார்" என்றான் சின்னுசாமி.

*

இருசாயி வீட்டு வாசலில் உட்கார்ந்து முறத்தில் தினை புடைத்துக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் முந்தானையைச் சரி செய்துகொண்டு எழுந்தாள். எழும்போது வலது காலைச் சற்றுத் தாங்கினாள்.

"என் தம்பி வந்துருவானுங்களா?"

"வந்துடுவாம்மா. அதுக்குத்தான் ஒண்ணு கேட்கணும். இந்தக் குறியை எங்கேயாவது பார்த்திருக்கியா?"

துண்டுகளை அவர் முறத்தின் ஓரத்தில் சேர்த்து வைத்தார். இருசாயி குனிந்து பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு கணம் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

"இது நான் குடுத்த சுண்ணாம்புங்க. அவரு போட்டது. மத்தியானம் கூழு கொண்டு போயிருந்தேன். கொட்டகையில இந்த மாதிரி அஞ்சு கல்லை ஒரு கம்பியில தொங்கவிட்டு, மரக்கைப்பிடியால ஒண்ணொண்ணா லேசாத் தட்டிட்டு இருந்தாரு. தட்டிட்டுக் காதைக் கிட்ட வெச்சுக் கேப்பாரு. நாங்க சந்தையில பானை வாங்குறப்போ தட்டிப் பாப்போமுல்ல, அப்புடி. நாலு கல்லு கிணுங்குன்னு பேசுச்சு. ஒண்ணு மட்டும் பொதுக்குன்னு இருந்துச்சு. 'இது ஊமைக் கல்லு, இருசாயி. உள்ளுக்குள்ள எங்கயோ விட்டிருக்கு. கண்ணுக்குத் தெரியாது. இதை ஓட்டினா ஆளைக் கொன்னுரும்'னாரு. எங்கிட்ட சுண்ணாம்பு வாங்கி, ரெண்டு பக்கமும் குறுக்கால கோடு போட்டாரு."

"அப்புறம் அதை என்ன பண்ணினான்?"

"சூப்பர்வைசரு கையில குடுத்தாருங்க. என் கண்ணு முன்னாலதான். 'இதைப் பூட்டி வெச்சிருங்க, யாரும் தொடக் கூடாது'ன்னாரு. அவரும் தன் பொட்டியில வெச்சுப் பூட்டுனாரு."

சின்னுசாமி அர்த்தனாரியைப் பார்த்தான். அவர் மெல்லத் தலையசைத்தார். வந்த காரியம் முடிந்துவிட்டது. கிளம்பிவிடலாம்.

"அவரு ரொம்பப் பதனமான ஆளுங்க" என்று இருசாயி பேசிக்கொண்டே போனாள். பதினோரு நாளாக யாரும் அவளிடம் அவனைப் பற்றிக் கேட்டிருக்கவில்லை போலும். "மூடி இல்லாம மிஷினைத் தொட மாட்டாரு. கண்ணாடி போடாம சுவிச்சு போட மாட்டாரு. புதுக் கல்லு மாட்டினா ஒரு நிமிசம் சும்மா ஓடவிட்டு, எல்லாரையும் எட்டி நிக்கச் சொல்லுவாரு. அவருக்குப் போயி..." துண்டு ஒன்றைக் கையில் எடுத்தாள். "அப்போ வெடிச்சது அந்த ஊமைக் கல்லுங்களா?"

"ஆமாம்மா."

"அது ஏனுங்க ஊமையாப் போச்சு?"

"செய்யும்போதே அப்படி ஆகியிருக்கும்" என்றார் அர்த்தனாரி. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். குரல் காட்டிக்கொடுத்தது.

இருசாயி துண்டைத் திருப்பினாள். பழுப்பு ஓரத்தில் அவள் கட்டைவிரல் நின்றது. அதைத் தேய்த்தாள். விரலைப் பார்த்தாள்.

"இது ஓடைச் செம்மண்ணுங்க."

அர்த்தனாரி கை நீட்டினார். அவள் துண்டைக் கொடுக்கவில்லை.

"நான் விழுந்த அன்னிக்கு, முட்டியில என்னன்னு கேட்டாரு. வழுக்கிட்டேன்னு சொன்னேன். 'தலையில என்ன சுமை இருந்துச்சு'ன்னு கேட்டாரு. சின்னப் பெட்டி, நல்ல கனம்னேன். அவரு ஒண்ணும் பேசலீங்க. பச்சிலை அரைச்சு வெச்சுக் கட்டினாரு. மக்காநாளுதான்..." அவள் குரல் மெதுவாகிக்கொண்டே வந்தது. "மக்காநாளுதான் தட்டிட்டு இருந்தாரு."

முறத்தைத் தரையில் வைத்தாள். தினை கொஞ்சம் சிதறியது. அதைப் பார்க்கக்கூட இல்லை. சின்னுசாமி வாசலுக்கு வெளியே போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"உன் பேர் எங்கேயும் வராது தாயி" என்றார் அர்த்தனாரி.

இருசாயி நிமிர்ந்தாள். "வராட்டி என் தம்பி வருவானுங்களா?"

அவள் கதவைச் சாத்திவிட்டு அவருக்கு முன்னால் நடந்தாள்.

*

தகரக் கொட்டகை முன்னால் வேலையாட்கள் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். சுமைக்காரப் பெண்களும் வந்தார்கள். இருசாயியைக் கண்டதும் மாதம்மாள் அர்த்தனாரியைப் பார்த்த பார்வையை அவர் ரொம்ப நாள் மறக்கவில்லை.

"செங்கோடன் உங்ககிட்ட ஒரு கல்லைக் கொடுத்து வெச்சான்" என்றார் அர்த்தனாரி.

அருணாசலம் சிரித்தார். "எந்தக் கல்லு? வந்ததே ஒரு பெட்டி. அஞ்சும் புத்தம் புதுக் கல்லு."

"அதுல ஒண்ணு கீறல் விட்டிருந்தது."

"புதுக் கல்லுல எப்படி சார் கீறல் வரும்? வானத்துல இருந்து விழுந்துச்சா? பெட்டி இங்கே வந்தப்போ நல்லாத்தான் இருந்துச்சு. கெட்ட கல்லுன்னா அது பொன்னன் எங்கிருந்தோ கொண்டு வந்து மாட்டினது. பெட்டியைக் கீழே போட்டேன்னு ஒரு ஆள் இங்கே வந்து சொல்லட்டும், அப்புறம் பேசலாம். யாரு போட்டது? சொல்லுங்க பாப்போம்!"

மாதம்மாள் ஓர் அடி முன்னால் வந்தாள். அதற்குள் இருசாயி பேசிவிட்டாள். சத்தமாகக்கூடப் பேசவில்லை.

"நான் போட்டேனுங்க. அவரு தட்டிப் பாத்துக் கண்டுபுடிச்சாரு. குறி போட்டு உங்க கையில குடுத்தாரு. நீங்க எடுத்து மாட்டுனீங்க."

ஜெனரேட்டர் ஓடாததால் ஓடைத் தண்ணீர் சத்தம் கேட்டது. அர்த்தனாரி ஐந்து துண்டுகளையும் மேஜையின் மேல் பொருத்தி வைத்தார். வெள்ளைக் குறி தெரிந்தது. அருணாசலம் அதைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். பக்கத்திலிருந்த டீசல் பீப்பாயின் மேல் உட்கார்ந்தார்.

"பாலத்துல தேய்க்க ஒரே ஒரு மூலைதான் பாக்கி" என்றார். யாருக்குச் சொல்கிறார் என்று தெரியவில்லை. "மறுநாள் இன்ஜினியர் வர்றதா இருந்துச்சு. நாலு கல்லும் தேஞ்சு போச்சு. இதைப் பாத்தா ஒரு குறையும் தெரியல. தட்டிப் பாக்கறதாவது, சத்தம் கேக்கறதாவதுன்னு நினைச்சேன். அவன் சாப்பிடப் போயிருந்தப்போ துடைச்சு நானே மாட்டினேன். மூடி அந்த மூலைக்குள்ள போகல. அதையும் கழட்டினேன். அவன் வந்து, கொஞ்ச நேரம் சும்மா ஓட விடணும்னான். நேரமில்லைன்னேன். புதுக் கல்லா இருக்கேன்னான், இப்பத்தான் கீழேயிருந்து வந்துச்சுன்னேன். தட்டிப் பாத்தீங்களான்னு கேட்டான்."

நிறுத்தினார்.

"என்ன சொன்னீங்க?" என்றார் அர்த்தனாரி.

"பாத்தாச்சுன்னேன்."

அந்த ஒரு வார்த்தையை நம்பிச் செங்கோடன் மிஷினைக் கையில் எடுத்திருக்கிறான்.

சின்னுசாமி வாக்குமூலங்களை எழுதினான். அருணாசலம் கையெழுத்துப் போட்டார். இருசாயி சொன்னதையும் எழுதி, உரக்கப் படித்துக் காட்டினான். "பெட்டி கை தவறிக் கீழே விழுந்தது" என்று வந்த இடத்தில் அவள் தடுத்தாள்.

"அப்புடி எழுதாதீங்க. நான் போட்டேன். அதை ஒருத்தருகிட்டயும் சொல்லல. ரெண்டையும் எழுதுங்க."

"அம்மா, வழுக்கினதுதானே..."

"சொல்லியிருந்தா பெட்டியவே திருப்பி அனுப்பியிருப்பாங்களா?"

சின்னுசாமி அர்த்தனாரியைப் பார்த்தான். அவர் பார்வையை விலக்கிக்கொள்ளவில்லை. "அனுப்பியிருக்கலாம்" என்றார். "இல்லே, கூலிக்கு வர வேண்டாம்னு உன்னைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். அந்த பயம் இருக்கிற இடத்தில யாரும் வாய் திறக்க மாட்டாங்க. அதையும் எழுதறேன்."

அவள் கட்டைவிரலை மையில் வைத்தாள்.

*

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் பொன்னனை வெளியே விட்டார்கள். மலையிறங்கி வந்து, ஸ்டேஷனுக்கு எதிரே புளியமரத்தடியில் நின்றிருந்தாள் இருசாயி. அர்த்தனாரியும் சின்னுசாமியும் சேலம் பஸ்ஸுக்காகச் சற்றுத் தள்ளி நின்றார்கள்.

படியிறங்கிய பொன்னன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். அங்கேயே நின்றுவிட்டான்.

"யாருக்கா உங்கிட்ட சொன்னது?"

"யாரும் சொல்லல சாமி. நானே தெரிஞ்சுக்கிட்டேன்."

"உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் நான்..." என்று ஆரம்பித்தவன் முடிக்க முடியாமல் தரையில் உட்கார்ந்து அழுதான். இருசாயி அவன் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் அழவில்லை. செங்கோடனைத் தூக்கிப் போன அன்றும் அவள் அழவில்லை என்று மாதம்மாள் சொல்லியிருந்தாள்.

"முந்தின நாள் சண்டை போட்டியே கண்ணு. அவரு என்ன சொன்னாரு?"

பொன்னன் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"நான்தான் கத்துனேன். அவரு கத்தலக்கா. 'பெட்டிய உங்கக்காதான் போட்டா, எனக்குத் தெரியும். கல்லைத் தனியா எடுத்துக் குடுத்துட்டேன். இதைப் பத்தி அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காதே. ஏற்கனவே முட்டி வலியில தூங்காம கெடக்கா'ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு."

இருசாயி எங்கோ பார்த்தபடி நின்றாள். "அவருக்குத் தெரியக் கூடாதுன்னு தூங்கற மாதிரிதான் படுத்திருந்தேன்" என்றாள். அப்புறம் அந்தப் புளியமரத்தடியில், போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்க்க, வாய்விட்டு அழுதாள்.

பஸ் வந்தது. கண்டக்டர் இரண்டு தடவை விசில் ஊதினான். சின்னுசாமி ஏறவில்லை. அர்த்தனாரியும் அவனை ஏறச் சொல்லவில்லை.